சுரண்டிய பிறகு தெரிவது

படுக்கையறையில் காலையில் போர்வையை உதறும்போது வெள்ளைத் துணுக்குகள் நாலைந்து தரையில் விழும். தலையணைப் பஞ்சு என்றுதான் முதலில் நினைத்தோம். ஒரு நாள் ஒன்றை எடுத்து விரல் நுனியில் வைத்து நசுக்கினேன், மாவாகிப் போனது. அண்ணாந்து பார்த்தேன். பாப்கார்ன் சீலிங், பொரி ஒட்டினது போலச் சொரசொரப்பாகத் தெளித்த பூச்சு. வீடு வாங்கும்போதே இருந்ததுதான். ஆனால் வீடு பார்க்கப் போகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பார்கள், அலமாரிக் கதவை இழுத்துப் பார்ப்பார்கள், சீலிங்கை யார் நின்று பார்க்கிறார்கள்?

என் மனைவியின் அண்ணன் சில வருடம் ட்ரைவால் வேலை, அதாவது ஜிப்சம் பலகையில் சுவரும் சீலிங்கும் அமைக்கும் வேலை, செய்தவர். போனில் விஷயத்தைச் சொன்னேன்.

"மாப்ளே, அதுல கை வைக்காதீங்க. மொதல்ல டெஸ்டுக்குக் குடுங்க" என்றார்.

நான் அதற்குள் ஏணியை விரித்து, கையில் பட்டித் தகட்டோடு நின்றுகொண்டிருந்தேன். அதைச் சொல்லவில்லை. ஏணியை மடக்கி வைத்தேன்.

அவர் பயந்தது ஆஸ்பெஸ்டாஸுக்கு, தூசியாக மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கனிம நார். பழைய காலத்தில் சீலிங்கில் தெளித்த கலவைகள் பலவற்றில் அது இருந்தது. தீப்பிடிக்காது, கலவையை நாராகப் பிடித்துக்கொள்ளும், மலிவு. அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1977இல் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த ஒட்டுப்பூச்சுக் கலவைகளைத் தடை செய்தது. அழகுக்காகத் தெளிக்கும் பூச்சுகளுக்கு 1978இல் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை தடை போட்டது. ஆனால் ஏற்கெனவே தயாராகிக் கிடந்த சரக்கு தடைக்குப் பிறகும் வீடுகளுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தது. அதனால் 1980களின் தொடக்கத்தில் கட்டிய வீட்டையும் ஆண்டை வைத்து மட்டும் நம்பிவிட முடியாது. பிரிட்டனில் ஆர்ட்டெக்ஸ் என்று எல்லோரும் சொல்லும் சுழிப் பூச்சிலும் 1980களின் நடுப்பகுதி வரை வெள்ளை ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது.

இருக்கிறதா இல்லையா என்று கண்ணால் சொல்ல முடியாது. நுண்ணோக்கியில்தான் தெரியும். பயிற்சி பெற்ற ஒருவர் வந்து, தண்ணீர் தெளித்து நனைத்து, அறையின் மூன்று இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி, தனித்தனிப் பையில் போட்டு மூடி எடுத்துப் போனார். அமெரிக்கச் சட்டக் கணக்கில் 1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் அது ஆஸ்பெஸ்டாஸ் பொருள். அப்படி வந்துவிட்டால் நாமே சுரண்டும் பேச்சுக்கே இடமில்லை. உரிமம் வைத்திருப்பவர்களைக் கூப்பிட வேண்டும், அல்லது அதைத் தொடாமல் அடியில் புதிய பலகை அடித்து மூடிவிட வேண்டும். எங்கள் அறிக்கையில் இல்லை என்று வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன், வீட்டை விற்கும்போது அடுத்தவர் கேட்பார்.

இடையில் ஒன்று. சொரசொரப்பான சீலிங் மட்டும்தான் சந்தேகத்துக்குரியது என்று நினைக்க வேண்டாம். பலகை இணைப்புகளில் பூசிய ஜாயின்ட் காம்பவுண்டிலும் அந்தக் காலத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. பார்க்க மழமழவென்று இருக்கும் பழைய சுவரைத் தேய்ப்பதற்கு முன்பும் இதே கேள்வி உண்டு.

சரி, இந்தப் பூச்சை ஏன் அடித்தார்கள்? ஒலியைக் குறைக்கும் என்பார்கள். அதன் பெயரே அக்கூஸ்டிக் சீலிங். எதிரொலி கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் அது பக்கவாட்டுப் பலன். உண்மையான காரணம் எனக்குப் பிளாஸ்டிக் விரிப்பின் மேல் வெள்ளைச் சேற்றில் நின்றபோதுதான் புரிந்தது.

செங்கல் சுவரைப் பூசினால் அது ஒரே உடம்பு. ட்ரைவால் அப்படியில்லை. இரண்டு தாள்களுக்கு நடுவே ஜிப்சத்தை வைத்து அழுத்திய பலகைகளை மரச்சட்டத்தின் மேல் திருகு போட்டு மாட்டுகிறோம். அகஸ்டின் சாக்கெட் என்பவர் 1894இல் காப்புரிமை வாங்கிய பலகையில் தொடங்குகிறது இதன் கதை. 1909இல் யுனைடெட் ஸ்டேட்ஸ் ஜிப்சம் நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கியது. 1917இல் ஷீட்ராக் என்ற பெயர் வந்தது. ஆனாலும் வீடுகளில் பெருவாரியாக நுழைந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். குறைந்த நாளில் நிறைய வீடு கட்ட வேண்டியிருந்தது, அடுக்கடுக்காகப் பூசி வாரக்கணக்கில் காயவிடும் ஈரப்பூச்சுக்கு யாருக்கும் பொறுமையில்லை.

பலகை என்றால் இணைப்பு இருக்கும். நாலுக்கு எட்டு அடிப் பலகையின் நீளமான இரண்டு ஓரங்களும் தொழிற்சாலையிலேயே லேசாகச் சரித்து வரும். இரண்டு பலகை சேரும் இடத்தில் ஒரு ஆழமில்லாத வாய்க்கால் கிடைக்கும். அதில் தாள் நாடாவை ஒட்டி, காம்பவுண்ட் நிரப்பி இழுத்துவிட்டால் சமமாகிவிடும். குறுகிய ஓரங்களுக்கு அந்தச் சரிவு கிடையாது. அங்கே நாடா ஒட்டினால் மேடுதான். மேட்டை ஒழிக்க முடியாது, கண்ணுக்குத் தெரியாமல் பரத்தத்தான் முடியும். இரண்டு பக்கமும் ஓரடிக்கு மேல் காம்பவுண்டை இழுத்து, காய்ந்த பிறகு மறுபடி இழுத்து, மறுபடி இழுத்து. சீலிங்கில் இதை அண்ணாந்தபடி செய்ய வேண்டும். அவ்வளவு செய்தாலும் ஜன்னல் வெளிச்சம் சீலிங்கை உரசிக்கொண்டு வரும்போது மயிரிழை மேட்டுக்கும் நிழல் விழுந்துவிடும்.

தெளிப்பான் இருந்தால் இத்தனை பாடும் ஒரே நாளில் முடிந்தது. குருணை போட்ட கலவையைப் பீய்ச்சி அடித்தால் ஒவ்வொரு குருணையும் தன் நிழலைப் போட்டுக்கொள்ளும், அந்த ஆயிரம் நிழலுக்கு நடுவே இணைப்பின் நிழலை யாரும் தேடிப் பிடிக்க முடியாது.

ட்ரைவால்காரர்கள் இதற்கு நிலைகளே வைத்திருக்கிறார்கள். ஜிஏ-214 என்று அமெரிக்க ஜிப்சம் சங்கத்தின் ஆவணம் ஒன்று உண்டு. 0 முதல் 5 வரை நிலைகள். 0 என்றால் பலகை மாட்டியதோடு சரி. 5 என்றால் சுவர் முழுவதும் மெல்லிய பூச்சு இழுத்து, எந்த வெளிச்சத்துக்கும் அஞ்சாத சுவர். மேலே தடித்த டெக்ஸ்சர், அதாவது இப்படிச் சொரசொரப்பான பூச்சு, வரப்போகிறது என்றால் 3ஆம் நிலை போதும். மச்சான் சொன்னது இன்னும் சுருக்கம்: "டெக்ஸ்சர் அடிக்கப்போற சுவருக்கு எவனும் உப்புத்தாள் தேய்க்க மாட்டான் மாப்ளே."

இதை அவர் முன்கூட்டியே சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை. பாப்கார்னைச் சுரண்டினால் அடியில் ஒரு நல்ல சீலிங் காத்துக்கொண்டிருக்கும் என்று மனதுக்குள் ஒரு படம் வைத்திருந்தேன்.

சுரண்டிய நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முந்தின இரவே கட்டில், அலமாரி எல்லாவற்றையும் வெளியேற்றினோம். தரைக்கு இரண்டு அடுக்கு பிளாஸ்டிக், சுவருக்கு ஒரு அடுக்கு. மின்விசிறியைக் கழற்றி, அந்த அறைக்கான மின்சாரத்தைப் பெட்டியிலேயே நிறுத்தினேன். தண்ணீர் தெளிக்கப் போகிற இடத்தில் உயிருள்ள வயர் இருக்கக் கூடாது. பட்டித் தகட்டின் இரண்டு கூர்மையான முனைகளையும் அரம் வைத்து உருட்டினேன். டெஸ்டுக்குப் பிறகு மச்சான் சொன்னவற்றில் நான் அப்படியே கேட்டு நடந்தது இது ஒன்றுதான், அதுவே பெரிய உதவியாக இருந்தது. முனை கூராக இருந்தால் நனைந்த தாளைக் கிழித்துக்கொண்டு ஜிப்சத்துக்குள் இறங்கிவிடும்.

செடிக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பானில் வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி. நாலடிக்கு நாலடி இடத்தை நனைத்துவிட்டு கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். இந்தச் சும்மா இருப்பதுதான் வேலையிலேயே கஷ்டமான பகுதி. பத்து நிமிடத்தில் தகட்டை வைத்துப் பார்த்தேன், பற்களில் மணல் அரைபடுவது போல ஒரு சத்தம், குருணை மட்டும் உதிர்ந்தது. கால் மணி நேரம் கழித்து வைத்தபோது எதிர்ப்பே இல்லை. தகட்டைக் கிட்டத்தட்டப் படுக்கவைத்துத் தள்ளினால், ஈரக் கம்பளி போல மொத்தமாகச் சுருண்டு வந்து பொத்தென்று விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஒரு போதை இருக்கிறது. அடுத்த இரண்டு மணி நேரம் நான் யாரோடும் பேசவில்லை.

போதை தெளிந்தது ஜன்னல் ஓரத்தில். அங்கே ஏதோ ஒரு காலத்தில் ஒழுகியிருக்க வேண்டும், யாரோ கறையை மறைக்க பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெயின்ட் அடித்த பாப்கார்ன் தண்ணீரைக் குடிக்காது. தாமரை இலையில் விட்டது போல உருண்டு என் சட்டைக் கைக்குள் இறங்கியது. மேல்முனைகளை உலர்ந்தபடியே லேசாகச் சீவி, பெயின்ட்டின் தோலை உடைத்துவிட்டு, அப்புறம் நனைக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற அறிக்கை கையில் இருந்ததால்தான் உலர்ந்ததைச் சீவத் துணிந்தேன். சீவி, நனைத்தேன். இறங்கவில்லை. இன்னும் நனைத்தேன். இன்னும் கொஞ்சம். கடைசியில் பாப்கார்னோடு சேர்த்து இணைப்பின் தாள் நாடாவும் இரண்டடி நீளத்துக்குத் தொங்கிக்கொண்டு வந்தது. அதற்கு மேல் நனைத்திருந்தால் பலகையே தொய்ந்திருக்கும்.

மாலையில் பிளாஸ்டிக்கைச் சுருட்டிக் கட்டிவிட்டு, விளக்கு ஒன்றைச் சுவரோரம் வைத்துப் பார்த்தேன். பாப்கார்ன் போன சீலிங்கில் ஒவ்வொரு இணைப்பும் விலா எலும்பு போலத் தெரிந்தது. திருகுத் தலைகள் பாதிக்கு ஒரு கோட்டு காம்பவுண்டுதான், சிலவற்றுக்கு அதுவும் இல்லை. ஒரு குறுகிய இணைப்பில் நாடா ஒட்டியவர் அதன் மேல் கைவிரலால் இழுத்துவிட்டிருக்கிறார். மூன்று விரல் தடம், உலர்ந்து, பல வருடமாக அப்படியே. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மறைக்கப் போகிற இடம் என்று அவருக்குத் தெரியும். ஒரு நாள் அதைத் திறக்க நான் வந்து நிற்பேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த விரல் தடத்திலிருந்து 5ஆம் நிலைக்கு வர எனக்கு மூன்று வாரக் கடைசிகள் ஆயின.

முதலில் கிழிந்த இடங்கள். பலகையின் மேல்தாள் கிழிந்து பழுப்பு நிற உட்தாள் தெரிந்தால் அதன் மேல் நேரடியாகக் காம்பவுண்ட் பூசக் கூடாது. காம்பவுண்டில் இருக்கும் தண்ணீரை அந்தத் தாள் குடித்து உப்பிக்கொள்ளும். நான் பூசினேன். மறுநாள் அங்கே கொப்புளம். அறுத்து எடுத்துவிட்டு, கிழிந்த தாளை இறுக்கிப் பிடிக்கவென்றே விற்கும் பிரைமரை அடித்து, காயவிட்டு, மறுபடி பூசினேன். ஒரு கொப்புளம் எனக்கு ஒரு நாளைத் தின்றது.

அடுத்து எந்தக் காம்பவுண்ட் என்ற கேள்வி. வாளியில் குழைத்தே வருவது காற்றில் காய்ந்து இறுகும். தேய்க்க எளிது, ஆனால் காயும்போது சுருங்கும், ஒரு நாள் காத்திருக்க வேண்டும். பையில் பொடியாக வருவது வேறு ஜாதி. அதில் இருப்பது சுட்ட ஜிப்சம். தண்ணீர் பட்டதும் ரசாயன மாற்றத்தில் கல்லாகத் தொடங்கிவிடும், காய்வதற்குக் காத்திருக்காது. பையின் மேல் 20, 45, 90 என்று நிமிடம் போட்டிருக்கும். ஆழமான பள்ளத்துக்கும் உரிந்த நாடாவுக்கும் இதுதான் சரி, அவ்வளவாகச் சுருங்காது. 20 என்று போட்ட பையை வாங்கி, பாதி வாளி குழைத்து, அதை முழுவதும் பூசிவிடலாம் என்று நம்பிய ஒருவரை எனக்கு நன்றாகத் தெரியும். ஏணியில் ஏறி இரண்டாவது இழுப்பு இழுப்பதற்குள் வாளியில் கலவை கரணையோடு சேர்ந்து இறுகிவிட்டது. தேய்க்கப் போனால் உப்புத்தாள்தான் தேயும்.

சீலிங் முழுவதும் இழுத்த மெல்லிய பூச்சுக்கு வாளிக் காம்பவுண்டையே எடுத்தேன். அப்படியே எடுத்தால் கெட்டி. தண்ணீர் கொஞ்சம் விட்டு, சோப்பு இரண்டு துளி விட்டு, கட்டியில்லாமல் அடித்துக்கொள்ள வேண்டும். தகட்டில் எடுத்துச் சாய்த்தால் வழியக் கூடாது, விழவும் கூடாது, மெல்ல நகர வேண்டும். அதுதான் பதம். தடித்த மயிர் உள்ள ரோலரில் தொட்டு சீலிங்கில் உருட்டி, உடனே அகலமான தகட்டால் இழுத்து எடுக்க வேண்டும். எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறேன். பூசுவது போலத் தெரிந்தாலும் இந்த வேலையில் தொண்ணூறு பங்கு, பூசியதைத் திரும்ப வழித்தெடுப்பதுதான். பள்ளத்தில் தங்கினது மட்டும் நமக்கு, மற்றது வாளிக்கு. முதல் பூச்சை ஜன்னலிலிருந்து கதவை நோக்கி இழுத்தால், அடுத்த பூச்சை அதற்குக் குறுக்கே. நடுவில், தகட்டின் விளிம்பு விட்டுப்போன மெல்லிய வரம்புகள் காய்ந்திருக்கும். அவற்றைத் தகட்டாலேயே சீவிவிட்டால் உப்புத்தாள் வேலை பாதி குறையும்.

ஜன்னலோரம், பெயின்ட் எச்சம் இருந்த இடத்தில், பூசிய இரண்டு நிமிடத்தில் குண்டூசித் தலை அளவுக் குமிழிகள் நூற்றுக்கணக்கில் எழும்பின. பழைய பெயின்ட் ஈரத்தை உறிஞ்சாது, அதனால் கலவையில் சிக்கிய காற்று மேலேதான் வரும். பதற வேண்டியதில்லை. கொஞ்சம் இறுகும் வரை பொறுத்து, அதே இடத்தில் தகட்டை இன்னும் அழுத்தி ஒரு முறை இழுத்தால் குமிழிகள் உடைந்து நிரம்பிவிடும். நான் பதறினேன், ஆறு முறை இழுத்தேன், ஆறாவது முறை கலவையே உருண்டு வந்தது.

தேய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முகத்தோடு ஒட்டி நிற்கும் நல்ல வடிகட்டி முகமூடி போடுங்கள், துணி முகமூடி போதாது. அந்தத் தூசியில் டால்க், மைக்கா, சிலிக்கா எல்லாம் இருக்கலாம். வீட்டு வாக்குவம் கிளீனரை அதன் மேல் விடாதீர்கள். எங்களுடையது இப்போது இல்லை.

இத்தனைக்கும் பிறகு பின்னறைச் சுவருக்கு வந்தபோது நான் எதிர்க்கட்சிக்குத் தாவிவிட்டேன். பழைய சுவர்த்தாளை உரித்ததில் அந்தச் சுவர் அம்மைத் தழும்பு மாதிரி ஆகியிருந்தது. இன்னொரு மூன்று வாரம் தகடு பிடிக்க என் தோளுக்குத் தெம்பில்லை. அந்த விரல் தடக்காரர் எடுத்த முடிவையே நானும் எடுத்தேன், டெக்ஸ்சர் அடித்துவிடலாம்.

எந்த டெக்ஸ்சர்? ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சின்னப் புள்ளியாக வருவது ஆரஞ்சு பீல். துளிகளைக் கொஞ்சம் பெரிதாகத் தெளித்து, பாதி காய்ந்ததும் தலையைத் தட்டித் தட்டையாக்கினால் நாக்டவுன். கெட்டியான கலவையைக் கரணையால் விட்டு விட்டு இழுப்பது ஸ்கிப் ட்ரவல். தூரிகையைக் கலவையில் தோய்த்துச் சுவரில் குத்தி எடுத்தால் காக்கைக் கால். என் சுவரின் பள்ளங்களுக்கு ஆரஞ்சு பீல் போதாது. ஸ்கிப் ட்ரவலுக்குக் கை பழக வேண்டும். நாக்டவுன் என்று முடிவு செய்து, கலவையை ஊற்றித் தெளிக்கும் ஹாப்பரும் அதற்குக் காற்று தரும் கம்ப்ரசரும் வாடகைக்கு எடுத்தேன். மச்சானும் வந்து சேர்ந்தார்.

அவர் முதலில் கேட்டது: "பிரைமர் அடிச்சாச்சா?" அடிக்கவில்லை. வெறும் தாள் ஒரு வேகத்தில் ஈரத்தைக் குடிக்கும், பட்டி பார்த்த இடம் வேறு வேகத்தில் குடிக்கும். அப்படியே தெளித்தால் ஒரு துளி காய்ந்திருக்கும்போது பக்கத்துத் துளி ஈரமாக இருக்கும், தகடு போட்டு இழுக்கும்போது இதைத் தட்டையாக்கி அதை இழுவி வைக்கும். பிரைமர் அடித்துவிட்டால் எல்லா இடமும் ஒரே மாதிரி காயும். அன்றைய தினம் பிரைமருக்குப் போயிற்று.

மறுநாள் கலவை. குச்சியில் எடுத்துத் தூக்கினால் நாடா போல இறங்கி, விழுந்த இடத்தில் ஒரு நொடி மேடாக நின்று, பிறகு அமிழ வேண்டும் என்றார். கம்ப்ரசரின் அழுத்தம் கூடினால் துளி பொடியாகும், குறைந்தால் பெரிதாகும். ஹாப்பரின் வாய்த்துளையை மாற்றினாலும் துளியின் அளவு மாறும். இந்த இரண்டோடு கலவையின் பதமும் சேர்ந்து மூன்று கடிவாளம், ஒன்றை இழுத்தால் மற்றது ஓடும். அட்டைப் பெட்டிகளைப் பிரித்துச் சுவரில் சாய்த்து அரை மணி நேரம் அதில்தான் அடித்தோம். கை அசைய ஆரம்பித்த பிறகுதான் விசையை அழுத்த வேண்டும். நின்ற கையோடு அழுத்தினால் அந்த இடத்தில் கட்டியாக அப்பிக்கொள்ளும். என் முதல் அட்டையில் அப்படி ஒரு கட்டி, இரண்டாவதில் ஒன்று, மூன்றாவதில் இல்லை.

சுவரில் தெளித்து முடிந்ததும் மச்சான் கம்ப்ரசரை நிறுத்திவிட்டு, சுவருக்குப் பக்கவாட்டில் போய், கன்னத்தை ஏறக்குறைய சுவரில் வைத்தபடி நின்றார்.

"என்ன மச்சான் பாக்குறீங்க?"

"பளபளப்பு போகணும். ஈரம் மின்னுதா பாருங்க. மின்னுற வரைக்கும் தொடக் கூடாது."

நானும் போய் நின்றேன். எல்லாத் துளியின் தலையிலும் ஈர மினுக்கு. கடிகாரம் பத்து, பதினைந்து நிமிடம் என்று சொல்லும். ஆனால் ஈரப்பதமும் சூடும் மாறினால் அந்தக் கணக்கும் மாறும், சுவரைத்தான் பார்க்க வேண்டும். மினுக்கு ஒரு மூலையிலிருந்து அணைந்துகொண்டே வந்தது. "இப்ப" என்று அகலத் தகட்டைப் படுக்கவைத்து, பறவை இறகு தொடுவது போல, மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. துளிகளின் தலை மட்டும் அமுங்கித் தட்டையானது. தகட்டைத் துடைத்துவிட்டு, போன தடத்தின் மேல் கொஞ்சம் ஏறும்படி அடுத்த இழுப்பு. அவர் இழுத்த பாதிச் சுவர் அழகாக இருக்கிறது. நான் இழுத்த பாதியில் அலமாரி நிற்கிறது.

தாழ்வாரத்துக் கதை சின்னது, ஆனால் அதுதான் எனக்குப் பிடித்தது. குழாய் பழுது பார்க்க வந்தவர் சுவரில் ஒரு சதுரம் வெட்டிவிட்டுப் போனார். அந்தச் சுவர் ஆரஞ்சு பீல். ஓட்டையை அடைப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. அடைத்தது தெரியாமல் செய்வதுதான் பாடு. சின்ன இடத்துக்கு டப்பாவில் அடைத்த டெக்ஸ்சர் கிடைக்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் நிற்கவைத்து, நன்றாகக் குலுக்கி, வாய்த் திருகை அட்டையில் அடித்துப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ஒட்டுப்போட்ட இடத்துக்கு முன்பே பிரைமர் அடித்திருந்தால் ஒரு சௌகரியம், பிடிக்கவில்லை என்றால் ஈரம் காய்வதற்குள் நனைந்த ஸ்பாஞ்சால் துடைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். நான் நாலு முறை துடைத்தேன்.

ஐந்தாவது முறை சரியாக வந்தது போல இருந்தது. ஆனால் பெயின்ட் அடித்ததும் மறுபடி பிரிந்து தெரிந்தது. ஏன் என்று கைவிளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். பழைய புள்ளிகள் நாலைந்து கோட்டு பெயின்ட் குடித்து மொழுமொழுவென்று மழுங்கியிருந்தன. என் புள்ளிகள் புதிதாக முளைத்த பல் போலக் கூர்மை. லேசாக உப்புத்தாளால் முனையை மட்டும் தடவி, ரோலரால் தாராளமாக இன்னும் இரண்டு கோட்டு ஏற்றினேன். ஒட்டின இடத்துக்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் மூலையிலிருந்து மூலை வரை சுவர் முழுவதும் அடித்தேன். (1978க்கு முந்தைய அமெரிக்க வீடுகளில் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம், அங்கே பழைய புள்ளியின் மேல் உப்புத்தாள் போடுவதற்கு முன் அதற்கும் ஒரு சோதனை உண்டு.)

என் மனைவியை அழைத்துக் கேட்டேன், கண்டுபிடிக்க முடியவில்லை. எனக்கு மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது. ஒவ்வொரு முறை அந்தப் பக்கம் போகும்போதும் கண் அங்கேதான் போகும்.

அடுத்த முறை மச்சான் வந்தபோது தாழ்வாரத்தில் நிறுத்தி, "இதுல ஒட்டுப் போட்ட இடம் எதுன்னு சொல்லுங்க பாப்போம்" என்றேன். அவர் விளக்கை அணைக்கச் சொன்னார். கைவிளக்கை வாங்கிச் சுவரோடு ஒட்டிப் பிடித்து மெல்ல நடந்தார். என்னுடைய ஒட்டைத் தாண்டிப் போனார். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னும் இரண்டடி போய் நின்று, உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவினார்.

"இங்கதானே? பரவால்ல மாப்ளே, நல்லாத்தான் பண்ணிருக்கீங்க."

நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மங்கலாக ஒரு சதுரம், என்னுடையதை விடக் கொஞ்சம் பெரியது. புள்ளிகள் பழையவை, பெயின்ட் குடித்து மழுங்கியவை. நான் அதைத் தொட்டதே இல்லை.